மேல வேறு, மேலே வேறு

இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என்னைக் கணக்குப் பாடத்துக்கு மட்டும் ஒன்றாம் வகுப்பில் போய் உட்காரச் சொன்னார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த ஒன்றாம் வகுப்பில் என் தம்பி இருந்தான். இடம் காலியாக இருந்ததும் அவனுக்குப் பக்கத்தில்தான். ஏழு வயதில் ஒரு அக்காவுக்கு இதைவிடப் பெரிய மானக்கேடு வர முடியாது என்று நான் அன்று நினைத்தேன். இன்றும் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு பச்சை ரப்பர் பந்து.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே ஒரு நீளமான கூடம். நடுவில் கரும்பலகையை நிறுத்தினால் இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு, அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு. ஒரு பக்கத்து ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் மண்சுவர் நிற்கும். மலையை வெட்டித்தான் கூடம் கட்டியிருந்தார்கள். மறுபக்கத்து ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் செடிகள் சரிந்து இறங்கும், அடியில் ஆற்றுச் சத்தம் கேட்கும். இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஒரே டீச்சர். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நியமனத்தில் வந்தவர். ஹட்டனில் பஸ் ஏறி, எங்கள் தோட்டத்துக்கு ரோடு வளையும் முடக்கில் இறங்கி, சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு படிகளில் ஏறி வந்த அவரைப் பார்த்தபோது, இவ்வளவு வெள்ளையான குடையை யாரும் தேயிலை மழையில் பிடிக்கலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

வந்த முதல் நாளே அவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பிள்ளையள், இதில வடக்கு எது?" என்றார்.

பதில் தெரியாத இடத்தில் வாயைத் திறப்பது என் சுபாவம். நான் எழுந்து நின்றேன். "அப்படி யாரும் நம்ம தோட்டத்துல இல்லைங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சரி, இரு என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு மறுபடியும் வெளியே பார்த்தார். வெளியே பனிமூட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை. அதன்பிறகு தினமும் காலையில் மணி அடிப்பதற்கு முன் அவர் முற்றத்தில் வந்து நிற்பார். வானத்தைப் பார்த்தபடி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார், நிற்பார், இன்னொரு சுற்றுச் சுற்றுவார். அது யாழ்ப்பாணத்துத் தேகப்பயிற்சி என்று நாங்கள் முடிவு செய்தோம். அவருக்குத் தெரியாமல் 'சுத்துற டீச்சர்' என்று பெயரும் வைத்தோம்.

இனிப் பந்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் டீச்சர் மேசையில் ஒரு சோக்குப் பெட்டியை வைத்தார். "இண்டைக்குக் கணக்கில மேலே, கீழே, இடது, வலது எல்லாம் படிக்கப் போறம்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் தோட்டத்தின் பிரிவுகளுக்குக் கணக்கு என்றுதான் பெயர். மலை உச்சியில் மேக்கணக்கு, ஆற்றோரம் கீக்கணக்கு. "நாங்க கீக்கணக்குங்க டீச்சர்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். டீச்சருக்கு விளங்கவில்லை. அவர் பெட்டிக்குப் பக்கத்தில் பந்தை வைத்து, "பந்து எங்க கிடக்கு?" என்று கேட்டார்.

பந்து பெட்டிக்கு மண்சுவர்ப் பக்கமாக இருந்தது. "மேல கெடக்குங்க டீச்சர்" என்றேன்.

"வடிவாப் பார். மேல எண்டா அந்தரத்திலயோ நிக்குது?"

அவர் சொன்ன மாதிரி வடிவாக, நன்றாகவே பார்த்தேன். மேலதான் கிடந்தது. அவர் பந்தை எடுத்து மறுபக்கம் வைத்தார். "கீழ கெடக்குங்க டீச்சர்."

அவர் பந்தை மேசைக்கு அடியில் போட்டார். "இதுதான் கீழே. அப்ப முந்தி வச்சது?"

"அதுவும் கீழதாங்க."

எங்களுக்குள் இதில் குழப்பமே கிடையாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் இடது வலது என்று பேசி நான் கேட்டதில்லை. கடை மேல இருந்தது, கோயில் கீழ இருந்தது. அம்மா எனக்குப் பேன் பார்க்கும்போது "கொஞ்சம் கீழ திரும்பு" என்பார், நான் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்புவேன். ராத்திரியில் பாயில் இடம் போதாவிட்டால் "டேய், மேல தள்ளிப் படு" என்று தம்பியை ஒரு உதை விடுவேன், அவன் தூக்கத்திலேயே மலைப்பக்கச் சுவரோரம் உருண்டுபோவான். மலைக்கு எந்தப் பக்கமோ அது மேல, ஆற்றுக்கு எந்தப் பக்கமோ அது கீழ. இது தெரியாமல் ஒருவர் டீச்சராக வந்திருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட வந்தது.

மற்றப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரையா வீட்டுப் பெண் எழுந்து "வலது பக்கம், டீச்சர்" என்றாள். அவள் வாயைப் பார்த்து எல்லாரும் வலது என்றார்கள். பந்து இடம் மாறியதும் அவள் இடது என்றாள், எல்லாரும் இடது என்றார்கள். நான் மட்டும் மேல என்றால் மேலதான் என்று நின்றேன். டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் என் தலையைத் தடவினார்.

"பிள்ளை, நீ கொஞ்ச நாளைக்குக் கணக்குக்கு மட்டும் அங்கால போய் இரு. மேலே கீழே பழகிக்கொண்டு வா, என்ன?"

கரும்பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் தீபாவளி.

ஒன்றாம் வகுப்பில் பாடம் என்று எதுவும் இல்லை, எல்லாம் உடம்பால்தான். எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். டீச்சர் "மேலே" என்பார். எங்களைப்போல 'மேல' என்று முடித்துவிட மாட்டார். அந்த ஏகாரத்தைப் பிடித்து இழுத்து, பாட்டுப் பாடுவதுபோல மேலே... என்று தூக்குவார். அவர் கை தலைக்கு மேல் போகும், எங்கள் எல்லார் கைகளும் போக வேண்டும். பிறகு கீழே... என்று இறக்குவார். குனிந்து தரையைத் தொட வேண்டும். சின்னஞ்சிறுசுகளுக்கு நடுவில் ஒரு முழ உயரம் கூடுதலாக நின்றுகொண்டு நானும் கையைத் தூக்கினேன், இறக்கினேன். தம்பிக்கு அந்த விளையாட்டு அவ்வளவு பிடித்திருந்தது. டீச்சர் வாயைத் திறக்கும் முன்பே அவன் கை மேலே போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் அவன் முதல் வேலையாக விஷயத்தை உடைத்தான். "அம்மா, அக்கா பெயிலு. இப்ப எங்க வகுப்பு. எம்பக்கத்துல ஒக்கார வச்சிருக்கோம்."

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேல கீழ தெரியலன்னா சொன்னாங்க? எம்மகளுக்கா? தெனமும் நாலு தரம் ஏறி எறங்குறவளுக்கா?" என்றார். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் அவர்தான் என்னை உட்கார வைத்து இடது வலது சொல்லிக்கொடுத்தார். "சோறு திங்கிறது சோத்தாங்கை. அதுதான் வலது. மத்தது இடது. அம்புட்டுத்தான், இதுக்குப் போயி ஒரு வகுப்பா?"

எனக்கு அது அன்று ராத்திரியே பிடிபட்டுவிட்டது. தம்பிக்குத்தான் பிடிபடவில்லை. அவன் அகப்பட்ட கையால் தின்கிறவன். அவசரமென்றால் இரண்டு கையாலும் தின்பான்.

இடது வலது தெரிந்துவிட்டது என்று மறுநாளே டீச்சரிடம் போய்ச் சொன்னேன். நல்லது என்றார், ஆனால் திரும்பி வா என்று சொல்லவில்லை. என் மேல, கீழ அவருக்கு இன்னும் சரிப்படவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஹட்டனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணித விளையாட்டுப் போட்டி என்று செய்தி வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரு சோடி. சின்னதின் கண்ணைக் கட்டி மைதானத்தில் விடுவார்கள். பெரியது ஓரத்தில் நின்று வாயால் மட்டும் வழி சொல்லி, நடுவில் இருக்கும் சாமான்களில் இடிக்காமல் அதைக் கடைசியில் தொங்கும் மணி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

டீச்சர் கிளாக்கரையா வீட்டுப் பெண்ணைத்தான் எடுத்தார். பிரச்சினை ஒன்றாம் வகுப்பில் வந்தது. துணியைக் கண்ணில் கட்டியதும் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின. அழாமல் நின்றது ஒன்றே ஒன்று. இருட்டு நன்றாயிருக்கிறது என்று அது சொல்லிற்று. கிளாக்கரையா வீட்டுப் பெண் இனிமையாக "வலது பக்கம் வாங்க தம்பி" என்றாள். அது அசையவில்லை.

"அக்கா சொல்லட்டும்" என்றான் என் தம்பி.

கெஞ்சிப் பார்த்தார்கள், மிட்டாய் காட்டினார்கள். கண்ணைக் கட்டிவிட்டு மிட்டாய் காட்டி என்ன பிரயோசனம்? அக்கா சொல்லட்டும் என்பதிலேயே நின்றான். டீச்சர் பெருமூச்சு விட்டு என்னைக் கூப்பிட்டார். வேறு வழியில்லாமல் கூப்பிடுகிறார் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் துணிந்து கேட்டேன்.

"செயிச்சா நான் ரெண்டாப்புக்கே வந்துரலாங்களா டீச்சர்?"

டீச்சர் தலையாட்டினார். "வெண்டு கொண்டு வா. அண்டைக்கே உன்ர வாங்கில இருக்கலாம்."

வாங்கு என்றால் பெஞ்சு. அந்தச் சொல்லை அன்றுதான் கற்றுக்கொண்டேன், இன்றுவரை மறக்கவில்லை.

தம்பியின் கைகளை என்ன செய்வது என்பதற்கும் டீச்சரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவனுடைய வலது மணிக்கட்டில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டார். "ரப்பர் கிடக்கிற கை வலது. கிடக்காத கை இடது. விளங்குதோ?" கண்ணைக் கட்டினாலும் ரப்பர் கையில் உறுத்துமே. கூடத்தில் பெஞ்சுகளைப் போட்டுப் பழகினோம். நான் வலது என்றால் அவன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வலதுபக்கம் திரும்புவான். ஆமை வேகம்தான், ஆனால் இடிக்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. போட்டிக்கு முந்தின நாள் என் பழைய பெஞ்சில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து வைத்தேன்.

போட்டி நாளன்று காலையில் நல்ல மழை. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் சொல்லிக் கண்டக்டர் எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தான். தம்பி ஜன்னலோரம் நின்றான். வட்டவளை தாண்டியதும் ரோட்டோரம் ஒரு நாய் நின்றது. அதன்பிறகு என்ன நடந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஹட்டனில் இறங்கும்போது மழை விட்டிருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் மைதானத்தைப் பார்த்ததும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய தட்டையான நிலத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. டயர்களும் உட்காரும் பிளாஸ்டிக் கதிரைகளும் பேசின்களும் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்திருந்தார்கள். கடைசியில் இரண்டு கம்பு நட்டு, குறுக்கே கட்டிய கயிற்றில் ஒரு மணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பலகையில் சொற்கள் எழுதியிருந்தன: முன்னே, பின்னே, மேலே, கீழே, இடது, வலது, நில். இவற்றைத் தவிர வேறு ஒரு சொல் வழி சொல்லுகிறவர் வாயிலிருந்து வந்தால் அந்தச் சோடி வெளியே போக வேண்டும் என்று நடுவராக இருந்த வாத்தியார் சேர் சொன்னார். நிலம் ஈரமாக இருந்ததால் கண்ணைக் கட்டும் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிடலாம் என்றும் சொன்னார். தம்பி அதற்கு முன்பே கழற்றிவிட்டிருந்தான்.

எங்களுக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். வெள்ளைக் காலுறை, அழகான உச்சரிப்பு. ஆனாலும் ஒவ்வொரு சோடியும் நடுவழியில் கெட்டது. வலது என்றதும் கண் கட்டிய பிள்ளை தேவைக்கு மேல் நிறையத் திரும்பிவிடும். ஒரு தரம் திரும்பிவிட்டால் அதன் வலது வேறு, சொல்லுகிறவரின் வலது வேறு. சொல்லுகிறவர் வலது வலது என்று கத்த, அது வலதுபக்கமே சுற்றிச் சுற்றிக் கடைசியில் பேசினுக்குள் காலை வைக்கும். ஒரு பையன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து கோட்டில் நின்ற தன் சிநேகிதியை இடித்தான்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். தம்பியின் கண்ணைக் கட்டினார்கள். நான் கோட்டில் நின்றேன். எதிரே முதல் டயர். "முன்னே" என்றேன், நடந்தான். "நில்" என்றேன், நின்றான். "வலது" என்றேன்.

அவன் இடது கையால் வலது மணிக்கட்டைத் தடவினான். பிறகு வலது கையால் இடது மணிக்கட்டைத் தடவினான். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்: "அக்கா, ரப்பரு இல்லக்கா. நாய அடிச்சுட்டேன்."

மைதானமே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே நாலு திட்டுத் திட்டியிருப்பேன், ஆனால் 'எருமை' என்ற சொல் பலகையில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் பெஞ்சு போய்விட்டது. வருஷம் முழுவதும் இவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தூக்கி இறக்கியே நான் கிழவியாகிவிடுவேன் என்று தோன்றியது. அழுகை வந்தால் மற்றவர்களுக்குத் தெரியக்கூடாதென்று தரையைப் பார்த்தேன்.

தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பெய்த மழை நூல் நூலாக மைதானத்தின் குறுக்கே ஓடியது. ஒரு பக்கத்துக் கல் கட்டிலிருந்து மறுபக்கத்துச் சாக்கடையை நோக்கி ஓடியது. தம்பியின் வெறுங்காலுக்கு அடியிலும் ஒரு நூல் ஓடியது. தட்டை என்று எல்லாரும் சொன்ன நிலம் தட்டை இல்லை. எங்கள் மலைநாட்டில் எவரும் தட்டையாக ஒரு நிலத்தை வெட்டிவிட முடியாது. அப்படி வெட்டினால் முதல் மழைக்கே குளமாகிவிடும்.

நான் தலையை நிமிர்த்தினேன்.

"மேல" என்றேன்.

தம்பி யோசிக்கவே இல்லை. கையைத் தடவவும் இல்லை. முகத்தை அப்படியே முன்னால் வைத்துக்கொண்டு கல் கட்டுப் பக்கமாக ஒரு எட்டு விலகி நின்றான். பாயில் தள்ளிப் படுக்கிற அதே லாவகம். டயர் அவனுக்குக் கீழ தனியாகக் கிடந்தது. "முன்னே" என்றேன். போனான். கதிரை வந்தது. "கீழ" என்றேன். சாக்கடைப் பக்கம் ஒரு எட்டு. "முன்னே." பேசின். "மேல." கொழுந்து மலையில் செடிகளுக்கு நடுவே அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும்போது நாங்கள் நடக்கிற நடை அது. ஒரு கால் சற்று மேல, ஒரு கால் சற்றுக் கீழ. நடக்க நடக்க அவன் கால்களே அவனை நேராக வைத்திருந்தன. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எனக்கு என் குரலே பிடித்துப்போயிற்று.

ஒரு சாமானிலும் கால் படாமல் அவன் மணிக்கு நேர் அடியில் போய் நின்றான். தலைக்கு ஒரு சாண் உயரத்தில் மணி தொங்கியது. கையைத் தூக்கினால் போதும்.

"மேல" என்றேன்.

அவன் கல் கட்டுப் பக்கமாக ஒரு எட்டு வைத்தான்.

"கீழ" என்றேன். திரும்பி மணிக்கு அடியில் வந்தான். "மேல." மறுபடியும் கல் கட்டு. "கீழ." மறுபடியும் மணி. அவன் சொன்னபடி கேட்கிற பிள்ளை, அவன்மேல் குற்றமில்லை. மேல கீழ மேல கீழ என்று அவன் கும்மியாட, அடங்கியிருந்த சிரிப்பு மறுபடியும் கிளம்பியது. நேரம் பார்க்கிறவர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் எங்கள் டீச்சரைப் பார்த்தேன். இரண்டு கையாலும் குடைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தினமும் என்னையும் தம்பியையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவைத்து அவர் இழுத்துப் பாடும் பாட்டு எனக்கு ஞாபகம் வந்தது. மூச்சை நிறைய இழுத்தேன். என் தொண்டையில் எவ்வளவு யாழ்ப்பாணம் வருமோ அவ்வளவையும் வரவழைத்தேன்.

"மேலே..."

தம்பியின் இரண்டு கைகளும் துப்பாக்கிக்குச் சரணடைந்தவைபோலத் தலைக்கு மேல் பாய்ந்தன. மணி அடித்தது. ஒரு தரம் அடித்தால் போதும், அவன் துணியை அவிழ்க்கும் வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் குடை கீழே கிடந்தது. எங்கள் டீச்சர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்.

அதோடு முடிந்துவிடவில்லை. நடுவர் சேர் எங்களிடம் வந்தார். "மேலே, கீழேன்னா ஒசரம், அடி. இந்தப் பிள்ளை அதைப் பக்கத்துக்குச் சொல்லிருக்கு. தட்டையான கிரவுண்டுல மேல ஏது, கீழ ஏது? இது செல்லாது டீச்சர்" என்றார்.

அந்தச் சேர் வயதானவர், உயரமானவர். எங்கள் டீச்சர் மூத்தவர்கள் முன்னால் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினார்.

"ஐயா, நிலத்தைப் பாருங்கோ. தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

சேர் குனிந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பிள்ளையள் சொல்லுற மேல உங்க கல் கட்டுப் பக்கம். நான் படிப்பிச்ச மேலே தலைக்கு மேலே. எழுதினா ரெண்டும் உங்கட பலகையில கிடக்கிற ஒரே சொல்லு, கருத்துத்தான் ரெண்டு. என்ர பிள்ளை ரெண்டையும் மாறாமச் சொன்னவள். உங்கட காதில ரெண்டும் ஒண்டாக் கேட்டா அதுக்குப் பிள்ளை என்ன செய்யும்?"

என்ர பிள்ளை என்றார். மேல் கீழ் விளங்காத பிள்ளை என்று என்னை அந்தப் பக்கம் அனுப்பிய அதே டீச்சர். சேர் நிமிர்ந்தார், கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார், பிறகு சிரித்துவிட்டார். ஒரு சாமானிலும் இடிக்காமல் மணியை அடித்தவன் அன்று என் தம்பி ஒருவன்தான். முதற்பரிசாக ஒரு பெட்டி நிறைய வண்ண மரக்கட்டைகள் கொடுத்தார்கள். அதைத் தம்பியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். அவன் மேல பிடித்தான், நான் கீழ.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம் விட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அன்று மட்டும் கிளாக்கரையா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் கேட்காமல் கரும்பலகைக்கு அந்தப் பக்கம் போய் என் பழைய வாங்கில் உட்கார்ந்தேன். ராஜாவின் ஆசனத்தில்கூட அவ்வளவு சுகம் இருந்திருக்காது. தம்பிதான் எட்டி எட்டிப் பார்த்தான். பக்கத்தில் இடம் காலியாகிவிட்டதென்று அவன் அழுதான். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாகவும், நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் டீச்சர் மேசையில் மறுபடியும் சோக்குப் பெட்டியையும் பச்சைப் பந்தையும் வைத்தார். "பந்து தோட்டத்தில எங்க கிடக்கு?" என்று கேட்டார். "மேல" என்று கூடமே கத்தியது. "கணக்கில எங்க கிடக்கு?" "வலது பக்கம்." இரண்டு விடைக்கும் சரி போட்டார். அதன்பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையும் கணக்குக்காக அந்தப் பக்கம் போகவில்லை. டீச்சரும் லயத்துப் பக்கம் வரும்போது "கடை மேலயோ கீழயோ?" என்று கேட்கப் பழகிவிட்டார். ஆனால் காலையில் முற்றத்தில் நின்று சுற்றுவதை மட்டும் அவர் விடவில்லை. இரண்டு வருஷம் கழித்து மாற்றலாகிப் போகும்வரை, பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றினார். நாங்களும் சிரித்தோம்.

போன வருஷம் அவர் ஊருக்குப் போனேன். அவருடைய மகளுக்குக் கல்யாணம். நானும் இப்போது டீச்சர்தான், இரண்டாம் வகுப்புத்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நிலம் ஒரே மட்டமாகக் கிடந்தது. நான்கு ரோடு, நான்கும் ஒரே மாதிரி. பனை மரங்களும் ஒரே மாதிரி. மேட்டைத் தேடினேன், பள்ளத்தைத் தேடினேன். என் கால்களுக்கு எதுவும் விளங்கவில்லை. போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டேன்.

"சந்தியில நிக்கிறியோ? அதால வடக்கால வந்து, கிழக்கால திரும்பினா மூண்டாவது வீடு."

"டீச்சர், வடக்கு எதுன்னு தெரியலைங்களே. நான் மேல வரணுங்களா, கீழ வரணுங்களா?"

அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "உதில நில்லு பிள்ளை. அசையாத. நான் வாறன்."

சைக்கிளில் வந்தார். தலை நரைத்திருந்தது, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். வீட்டுக்கு நடக்கும்போது ஒரு வேலியைக் காட்டி அதுக்குத் தெற்கால பெரியம்மா வீடு என்றார், கோயிலுக்கு மேற்கால பள்ளிக்கூடம் என்றார், தோசையைத் தட்டின் கிழக்குப் பக்கம் வை என்றுகூடச் சொல்லிவிடுவார் போலிருந்தது. ஒரு தரமும் அவர் வானத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் யாழ்ப்பாணம் வடக்கே இருக்கிறது. அது எனக்குப் பல வருஷங்களாகத் தெரியும், இன்று என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலங்கைப் படத்தில் தொட்டுக் காட்டுகிறேன். வந்த முதல் நாள் பனிமூட்டத்துக்குள் நின்று "இதில வடக்கு எது?" என்று கேட்டபோது, தன் வீடு எந்தப் பக்கம் என்றுதான் அந்தப் பெண் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் எங்கள் தோட்டத்தில் இல்லை என்று நான் பதில் சொன்னேன்.